எண்ணிக்கை சரியாக இருந்தது

உன் பையை இன்று காலைதான் திறந்தேன். உன் காரியத்தன்று உன் மகள் என் கையில் கொடுத்த அதே பைதான். ஏழு மாதமாக ஆபீஸ் பீரோவின் மேல்தட்டில் கிடந்தது. திறக்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நேரமா இல்லை? தைரியம் இல்லை. இத்தனை வருஷம் என்னோடு திரிந்தவன் நீ, உன்னிடம் எதற்கு மழுப்ப வேண்டும்.

ஜிப்பை இழுத்ததும் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியது. தறியிலிருந்து இறங்கிய புதுத் துணிக்கு இருக்குமே, அந்த வாசம். உள்ளே துணிக் கீற்றுகள். விரல் அகலம், மணிக்கட்டில் இரண்டு சுற்று வரும் நீளம். பச்சை தனியாக, மஞ்சள் தனியாக, நீலம் தனியாகச் சுருட்டி, ஒவ்வொரு சுருளையும் அதே நிறக் கீற்றாலேயே கட்டி வைத்திருந்தாய். வேறு ஒன்றும் இல்லை. நானும் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். ஒரு சீட்டு, ஒரு வரி, என்னைத் திட்டி இரண்டு வார்த்தை? ஒன்றும் இல்லை.

இந்தக் கீற்று எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். நாம் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்று ஆள் பிடித்த காலம். நீ நகரிப் பக்கம், நான் புத்தூர்ப் பக்கம். தமிழில் கூப்பிட ஆள் வேண்டும் என்று ஒரு ஜீப்காரர் நம் இருவரையும் சேர்த்துக்கொண்டார். அப்போது வந்தவர்களை யாரும் டூரிஸ்ட் என்று சொன்னதில்லை. வீட்டிலிருந்தே அரிசி மூட்டை, குண்டான், மிளகாய்த் தூள் எல்லாம் கட்டிக்கொண்டு வருவார்கள். சத்திரத்துக் கொல்லையில் மூன்று செங்கல் வைத்துப் பொங்கித் தின்றுவிட்டு, மலைக்குப் போய் வந்து, அதே குண்டானைக் கழுவிக் கவிழ்த்து ஊருக்குத் திரும்புவார்கள். நாம் அவர்களை 'சாமி' என்றுதான் கூப்பிட்டோம். காளஹஸ்திக்கு இட்டுக்கொண்டு போகிறோம் சாமி, காணிப்பாக்கம் பார்த்துவிட்டுப் போங்கள் சாமி.

ஒருநாள் ஆற்காட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் மொட்டை போட்ட புருஷனின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். வழி முழுக்க அர்ச்சனை. செருப்பை எங்கே விட்டீர், துண்டை எங்கே விட்டீர், உமக்கு வாக்கப்பட்டு என்னத்தைக் கண்டேன். அந்த ஆளும் தலையைக் குனிந்துகொண்டு கூடவே வந்தார். ஜீப்பில் ஏறும்போதுதான் தெரிந்தது, அவர் வேறு யாரோ. ஏன் ஐயா பேசாமல் வந்தீர் என்று நீ தெலுங்கில் கேட்டதற்கு, தன் வீட்டிலும் இப்படித்தான் பேசுவார்கள், அதனால் சந்தேகம் வரவில்லை என்றார். நீ சிரித்துச் சிரித்து ஜீப் பானெட்டில் சாய்ந்துவிட்டாய்.

மறுநாளே தறிப் பட்டறையில் வெட்டிப் போடும் கரைத் துணியைக் கிழித்து எடுத்து வந்தாய். முடி எடுக்கப் போகும் முன் ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கட்டினாய். இன்றைக்குப் பச்சை என்றால் நாளைக்கு மஞ்சள். நேற்றைய கூட்டம் இன்றைய கூட்டத்தோடு கலக்காது. "மூஞ்சி, முடி எல்லாம் மலை மேல மாறிடும்டா. கை மாறாது" என்பாய். கட்டும்போது அவர்கள் ஊர், பேர், எத்தனை பிள்ளை எல்லாம் கேட்டுக்கொள்வாய். முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் அவர்கள் உனக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். அத்தனை வருஷத்தில் ஒரு ஆளை நீ தொலைத்ததில்லை.

தொழில் நம் கண்ணெதிரேதான் வளர்ந்தது. சத்திரத்துக்கு எதிரில் லாட்ஜ் வந்தது, லாட்ஜுக்கு எதிரில் ஏசி லாட்ஜ் வந்தது. காலையில் சென்னையில் ஏறி, சாமி பார்த்து, திருச்சானூர் தாயாரையும் பார்த்து, அன்றே வீடு திரும்பும் பேக்கேஜ் வந்தது. அப்புறம் சாமி மட்டும் போதாது என்றார்கள். தலக்கோனா அருவியைச் சேர்த்தோம், சந்திரகிரிக் கோட்டையைச் சேர்த்தோம். செங்கல் அடுப்பு போய் பஃபே வந்தது. சாமி என்று கூப்பிட்டவர்கள் 'பார்ட்டி' ஆனார்கள், பிறகு டூரிஸ்ட், இப்போது 'கெஸ்ட்'. நானும் ஜீப்பிலிருந்து வேன், வேனிலிருந்து மினி பஸ், மினி பஸ்ஸிலிருந்து சொந்தக் கம்பெனி என்று ஏறினேன். நீ கைடாகவே இருந்தாய். கூட்டுச் சேரச் சொன்னபோது, உட்கார்ந்த இடத்தில் எனக்கு வேலை வராதுடா என்றாய். அதை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை. விவரம் போதாது என்று எடுத்துக்கொண்டேன்.

கீற்றை நிறுத்தச் சொன்னதும் நான்தான். கம்பெனி பேர் போட்ட அட்டையும் கழுத்தில் மாட்டும் பட்டையும் அச்சடித்து வந்திருந்தேன். ஏசி பஸ்ஸில் வருகிறவன் கையில் கந்தல் கட்டினால் நன்றாகவா இருக்கிறது, சந்தைக்கு ஓட்டுகிற ஆட்டுக்குக் கட்டுகிற மாதிரி என்று எல்லா டிரைவர்கள் முன்னாலும் சொன்னேன். நீ கையிலிருந்த சுருளை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டாய். முடி எடுத்துக் குளிக்கப் போகும்போது அந்த அட்டையை எல்லாரும் கழற்றி வைத்துவிடுவார்களே என்று மட்டும் கேட்டாய். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை, வீட்டிலும் சொன்னதில்லை. ஒருமுறையாவது என் கையால் எழுத வேண்டும்.

பதினெட்டுப் பேர் வந்த மினி பஸ். அதில் ஒருவர் சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் ஊழியர்களின் சுற்றுலாவைப் பார்த்துக்கொள்பவர். அவர் மனசு வைத்தால் வருஷம் முழுக்க நமக்கு பஸ் ஓடும். அதனால்தான் நானே டையைக் கட்டிக்கொண்டு கூட வந்தேன். அவர் மனைவி, குழந்தை, காது மந்தமான அப்பா. செருப்புக் கடித்து அந்தப் பெரியவருடைய குதிகாலில் புண். காலையில் டிபனுக்கு நிறுத்திய இடத்தில் நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டினாய்.

மலைமேல் மத்தியானத்திலிருந்து தூறல், எதிரில் வருகிற ஆள் தெரியாத பனிமூட்டம். கோயிலுக்குள் போன் கூடாது என்பதால் எல்லார் போனும் பஸ்ஸிலேயே இருந்தன. கழுத்துப் பட்டைகள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன, நீ சொன்னபடியே. ஈரத் துண்டும் சந்தன வாசமுமாக ஒவ்வொருவராக ஓடி வந்து ஏறினார்கள். மாலை அஞ்சு மணிக்குள் திருச்சானூர் முடித்து அவரை நல்ல ஓட்டலில் உட்கார வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் முன்னால் நின்றபடியே தலைகளை எண்ணினேன். பதினெட்டு.

நீ மட்டும் கடைசி சீட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாய்.

"டேய், கடைசி சீட்டு பெரியவரு கால் வேற மாதிரி கீது. காலைல நான் பிளாஸ்திரி ஒட்னேன், காணம்."

"மழைல கழண்டிருக்கும். எண்ணியாச்சு, பதினெட்டு. ஏறு."

"ஒரு தபா எழுப்பிக் கேட்டுடறன்டா."

"தூங்கற கெஸ்ட எழுப்புவியா? ஏறுடா."

அவர் மகனான அந்தக் கம்பெனிக்காரரும் முன் சீட்டிலிருந்து திரும்பி, துண்டால் மூடிய மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, அப்பா தூங்குகிறார் என்றார். பஸ் கிளம்பியது. நீ மலை இறங்கும் வரையில் படிக்கட்டிலேயே நின்றபடி வந்தாய்.

திருச்சானூரில் மகன் போய்த் தோளைத் தட்டி எழுப்பினார். துண்டு விலகியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தவர் கன்னடத்தில் என்னவோ கேட்டார். கோலார்ப் பக்கத்து மனிதர். அவர் கூட்டம் வந்ததும் இதே மாதிரி வெள்ளை மினி பஸ். மழையில் ஓடி வந்து கதவு திறந்திருந்த வண்டியில் ஏறித் தூங்கிவிட்டார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆள்தான் வேறு.

மகன் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம். அது கோபமாக மாறக் கொஞ்ச நேரம் பிடித்தது. யார் எண்ணியது என்று கத்தினார். பதினேழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் டிரைவரைப் பார்த்தேன். டிரைவர் சாமி படத்தைப் பார்த்தான்.

"நான்தான் சார். தப்பாப் பூட்ச்சி" என்றாய் நீ.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை. 'இல்லை' என்ற ஒரு வார்த்தை.

கன்னடப் பெரியவரை ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நீ மலைக்குப் போனாய். அவர் ஆட்களிடம் அவரைச் சேர்த்துவிட்டு, நம் பெரியவரைத் தேடி இட்டுக்கொண்டு வந்தாய். கோயில் வாசலில், மகன் கடைசியாகக் கையை விட்ட அதே இடத்தில் நனைந்துகொண்டு நின்றிருந்தாராம். உன் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டு நீ பனியனோடு இறங்கினாய். அவர் மகனைப் பார்த்ததும் சொன்னார்: "வண்டி பஞ்சராயிடுச்சாமே? அதான் லேட்டுன்னு இந்தத் தம்பி சொன்னாரு. கூடவே இருந்தாரு." பெற்ற மகன் தன்னை மறந்துவிட்டுப் போனான் என்று அந்த மனிதருக்குத் தெரியக்கூடாது என்று நீ பஞ்சர் கதை கட்டியிருக்கிறாய். மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் வெட்கம்தான் என்று நினைக்கிறேன். வெட்கப்பட்டவன் சும்மா இருக்கமாட்டான், யார் தலையிலாவது அதை இறக்குவான். நானும் அதைத்தானே செய்தேன்.

மூன்றாம் நாள் நெட்டில் நம் கம்பெனி பேருக்குக் கீழே அவர் எழுதினார். ஒரே ஒரு நட்சத்திரம். எண்ணக்கூடத் தெரியாத கைடு என்று உன் பேரைப் போட்டிருந்தார். அதற்குக் கீழே நான் பதில் போட்டேன்: 'நேர்ந்த தவறுக்கு மனமார வருந்துகிறோம். கவனக்குறைவாக இருந்த வழிகாட்டி பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார்.' நானும் உன் பேரைப் போட்டேன், இனிஷியலோடு. உன்னிடம் சொல்வதற்கு முன்பே உலகத்துக்குச் சொல்லிவிட்டேன்.

நீ ஆபீசுக்கு வந்தாய். யூனிபார்ம் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு மேசையில் வைத்தாய். பெரியவருக்குப் போட்டுவிட்ட அதே சட்டை. கொஞ்ச நாள் போகட்டும், சீசன் வந்ததும் நானே கூப்பிடுகிறேன் என்று என்னென்னவோ உளறினேன். நீ கேட்டுக்கொண்டாய். கதவருகே போய்த் திரும்பி நின்றாய்.

"பேரு போடாம இருந்திருக்கலாம்டா."

அவ்வளவுதான் நீ என்னிடம் கேட்டது. அந்தக் கம்பெனியின் பஸ் ஆர்டர் அடுத்த மாதமே நமக்கு வந்தது. உன் பேரைத் தட்டினால் அந்தப் பதில் வந்து நிற்கும் என்பதால் ஊரில் வேறு எந்த டிராவல்ஸ்காரனும் உன்னைச் சேர்க்கவில்லை. நீ நகரிக்குப் போய்த் தறியில் உட்கார்ந்தாய். நான் சீசன் வந்தும் கூப்பிடவில்லை. உன் முகத்தைப் பார்க்க முடியாது, அதனால் கூப்பிடவில்லை. உன்மேல் கோபம் இருக்கிற மாதிரி நடந்துகொண்டால் எனக்குச் சுலபமாக இருந்தது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. திருப்பதியில் ஒரு கல்லூரியில் சுற்றுலாப் படிப்பு வைத்திருக்கிறார்கள். இந்தத் தொழில் வளர்ந்த கதையைப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். செங்கல் அடுப்பில் ஆரம்பித்து ஆன்லைன் புக்கிங் வரை ஒரு மணி நேரம் தெலுங்கில் பேசினேன். உன் கதைகளைத்தான் சொன்னேன், அந்த ஆற்காட்டு அம்மா கதை உட்பட. நன்றாகச் சிரித்தார்கள். கடைசியில், புகார் வந்தால் எப்படிச் சமாளிப்பது என்பதற்கு உதாரணமாக அந்த நட்சத்திரத்தையும் என் பதிலையும் திரையில் போட்டேன். உடனே பதில் சொல்லுங்கள், தவறு செய்தவரை நீக்குங்கள், கெஸ்டின் நம்பிக்கையைக் காப்பாற்றுங்கள். உன் பேரை மறைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். உன் மகள் ஏதோ டிகிரி படிக்கிறாள் என்று தெரியும். அது இந்தப் படிப்பு, இந்த வகுப்பு என்று தெரியாது. எல்லாரும் தெலுங்கில் கேட்டார்கள், அவள் மட்டும் தமிழில் கேட்டாள்.

"சார், அன்னிக்கு எண்ணுனது யாரு சார்?"

அவள் கண்ணைப் பார்க்காமல், தெலுங்கில், கைடுதான் அம்மா என்றேன். அவள் உட்கார்ந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள், போர்த்திக்கொண்டேன்.

அதற்கப்புறம் உன்னைப் பார்த்தது ஐஸ் பெட்டிக்குள்தான். தறியில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய் என்றார்கள். மாலை போட்டேன். ஊரார் என்னைக் காட்டி, சின்ன வயசிலிருந்து சிநேகம் என்று சொன்னார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். காரியத்தன்று உன் மகள் இந்தப் பையைக் கொண்டுவந்தாள். நைனா கொடுத்துவிடச் சொன்னார் என்றாள்.

நேற்று அந்தக் கல்லூரியிலிருந்து மறுபடி கடிதம் வந்தது. போன முறை பேசியது மாணவர்களுக்கு மிகவும் பயன்பட்டதாம், அந்தப் புகார்ப் பகுதியைக் கட்டாயம் மறுபடி சொல்ல வேண்டுமாம். ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் ஆபீசுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பையை இறக்கினேன்.

கீற்றுகளைக் கையில் எடுத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. நீலத்தில் வெள்ளிக் கோடு போட்ட கரை. இது நம்மிடம் இருந்ததில்லையே. கஞ்சி வாசமும் போகவில்லை. பழைய துணி என்றால் எப்போதோ போயிருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு நகரிக்குப் போனேன். லீவுக்கு வந்திருந்த உன் மகள் வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். சுருளைக் காட்டி, இது எப்போதையது அம்மா என்று கேட்டேன்.

"தறியில கரை வெட்டிப் போடுவாங்க இல்ல மாமா, அதுல நல்லதாப் பாத்து எடுத்து வெப்பாரு. வேலைக்குப் போன முதல் வாரத்துல இருந்தே. எதுக்கு நைனான்னா, சீசன் வந்தா மாமா கூப்புடுவான், அப்ப போய் தேடிக்கினு இருக்க முடியுமான்னுவாரு."

அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். இரண்டு சீசன். இரண்டு சீசனும் நீ எனக்காகத் துணி கிழித்துச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாய். நான் உன் போன் நம்பர் வந்தால் எடுத்ததில்லை.

அவளிடம் சொன்னேன். அன்றைக்கு எண்ணியது நான்தான், உன் நைனா பெரியவர் காலைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான், எழுப்பிக் கேட்கிறேன் என்றான், நான்தான் ஏறு என்றேன். வகுப்பில் உன் முகத்துக்கு நேரே சொன்னதும் பொய் என்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். இடையில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது.

அவள் கையிலிருந்த நூல் கதிரைக் கீழே வைத்தாள். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அழுவாள், திட்டுவாள் என்று இருந்தேன். இரண்டும் இல்லை.

"என் கிட்டயும் அவரு தான் எண்ணுனாருன்னு தான் சொன்னாரு மாமா. க்ளாஸ்ல அப்படி கேட்டேன்னு சொன்னதுக்கு என்னியத் திட்னாரு. பெரியவன சபையில நிக்க வெச்சிக் கேப்பியான்னு. நான் அத நம்பிட்டேன். எண்ணத் தெரியாத ஆளுன்னு நெனச்சிக்கினே இருந்தேன், கடைசி வரிக்கும். காலேஜ்ல அவரு பேரு கேட்டா வேற ஏதாவது சொல்லிடுவேன்."

உன் வேலையைப் பறித்தேன், உன் பேரைக் கெடுத்தேன் என்றுதான் இதுநாள்வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உன் மகள் மனசில் உனக்கிருந்த இடத்தையும் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். என்னைக் காப்பாற்ற அதை நீயே தூக்கிக் கொடுத்திருக்கிறாய். மன்னித்துவிடு அம்மா என்றேன். அவள் கதிரை மறுபடி கையில் எடுத்தாள்.

"என் கிட்ட சொன்னா மட்டும் போதாது மாமா. அங்க சொன்னீங்க இல்ல, அங்கயே வந்து சொல்லுங்க."

திரும்பி வந்து முதலில் நெட்டில் இருந்த பதிலை மாற்றினேன். அன்று பயணிகளை எண்ணியவன் இந்தக் கம்பெனியின் முதலாளியான நான், தவறைச் சுட்டிக்காட்டியவர் எங்கள் வழிகாட்டி, காணாமல் போனவரைத் தேடிக் கொண்டுவந்தவரும் அவரே என்று எழுதினேன். உன் பேரைப் போட்டேன், இனிஷியலோடு. அதை யார் படிக்கப் போகிறார்கள்? பழைய பதிலைப் படித்தவர்கள் எல்லாம் எப்போதோ படித்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம் கல்லூரிக்குப் போன் செய்து வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றேன். அந்தப் புகார்ப் பகுதி உண்டல்லவா என்று கேட்டார்கள். அது மட்டும்தான் பேசப்போகிறேன் என்றேன்.

நாளைக் காலை பஸ்ஸில் இருபத்திரண்டு பேர். நாளைக்கு நீலம். நானே கட்டுகிறேன் என்று டிரைவரிடம் சொன்னதும் ஒரு மாதிரியாகப் பார்த்தான். எனக்கு உன்னைப் போலக் கட்ட வராது. ஒன்று இறுக்கிவிடுவேன், இல்லை அவிழ்ந்துவிடும். ஊர், பேர், எத்தனை பிள்ளை எல்லாம் கேட்டுக்கொண்டே கட்டிப் பார்க்கிறேன். எண்ணி முடித்த பிறகு கடைசி சீட்டு வரை நடந்து போய்க் காலையும் பார்த்துவிட்டு வருகிறேன்.

வெள்ளிக்கிழமைக்கு என்று ஒரு பச்சைக் கீற்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அதே திரை இருக்கும். உன் மகள் மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பாள். இந்த முறை அவள் எழுந்திருக்கமாட்டாள். அவள் கேள்வியை எப்போதோ கேட்டுவிட்டாள். பதில்தான் பாக்கி.